மாட்டுக்குத் தக்க சால்

பங்குனி உத்திரம் முடிந்த மறுவாரம் எங்கள் கடைத் திண்ணையில் ரிப்பேருக்கு யூனிட்டுகள் வந்து குவியும். ரேடியோ குழாயின் பின்பக்கம் திருகி மாட்டுகிற கனத்த இரும்புக் குடுவைக்குத்தான் யூனிட் என்று பெயர். பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் டயாபிரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தால் அப்பளத்தைவிட லேசாக இருக்கும். அதன் விளிம்பில் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி சுற்றுச் சுற்றாக ஓடும், அதுதான் காயில். நல்ல காயில் புதுச் செம்பின் நிறத்தில் மின்னும். கருகிய காயில் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். வார்னிஷ் எரிந்த வாசனை விரலில் ஒட்டிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கூட வரும்.

மாமா அந்தக் கருகலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “எந்த ஊருக்குப் போனதுல இது?” என்பார். ஊர் பெயரைச் சொன்னால், எந்தச் செட், அதாவது எந்த ஆம்ப்ளிஃபயர், எத்தனை குழாய், எவ்வளவு தூரம் வயர் என்று அடுத்தடுத்துக் கேட்பார். யூனிட் ஏன் எரிந்தது என்பதற்குப் பதில் யூனிட்டுக்குள் இருக்காது என்பது அவர் கட்சி. ஐம்பது வருடம் கழித்து எனக்கும் அதே கட்சிதான். இந்தத் தொழிலின் கதையைச் சொல்லச் சொன்னால், எதோடு எதைச் சேர்க்கலாம், எதோடு எதைச் சேர்க்கக்கூடாது என்று நாங்கள் கற்றுக்கொண்ட கதையைத்தான் என்னால் சொல்ல முடியும்.

எங்களுக்குச் செங்கோட்டை. எஸ்.ஜி. கிட்டப்பா பிறந்த ஊர். 1933-ல் இருபத்தேழு வயதில் அவர் போய்ச் சேர்ந்தபோது, நாடக மேடைக்கு மைக் வந்து சேர்ந்திருக்கவில்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கியவனுக்கும் கேட்க வேண்டும் என்றால் தொண்டைதான் துணை. அந்தக் காலத்து நாடகப் பாட்டெல்லாம் ஏன் அவ்வளவு உச்சக் கட்டையில் இருக்கிறது என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். தாழ்ந்த சுருதி கூட்டத்தைத் தாண்டாது, உயர்ந்த சுருதி தாண்டும், அவ்வளவுதான் காரணம். மைக் வந்த பிறகுதான் மெல்லிய குரலுக்கும் கீழ் ஸ்தாயிக்கும் மேடையில் இடம் கிடைத்தது. ஊர் ஊராகச் செட் கட்டியவர்களுக்கு அந்த மாற்றத்தில் ஒரு பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடல் கடந்து ஒலிபெருக்கி எப்படிப் பிறந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிடாம் என்ற இரண்டு பேர் கலிபோர்னியாவில் காந்தத்துக்கு நடுவே சுருளைத் தொங்கவிட்டு, அதன் அசைவைக் குழாய் வழியாக வெளியே அனுப்பிப் பார்த்தார்கள். 1915 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோ ஊர்க்கூட்டத்துக்கு முன்னால் அதை ஒலிக்கவிட்டார்கள். 1919-ல் சான் டியாகோவில் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சுமார் 50,000 பேருக்கு அதில்தான் பேசினார். 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர்கள் காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கரின் கணக்கை எழுதி வெளியிட்டார்கள். இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைக்கும் பாக்ஸுக்குள் இருப்பதும் அதே அமைப்புதான்.

நம் பக்கம், சென்னை மாநகராட்சி 1930-ல் வானொலி ஒலிபரப்பை ஏற்று நடத்தியபோது மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். காங்கிரஸ் கூட்டங்களுக்குப் பம்பாயிலிருந்து மோட்வானி குடும்பத்தின் சிகாகோ ரேடியோ செட்டுகள் போயின. காந்தியும் நேருவும் பேசும் பழைய புகைப்படங்களில் மைக்கின் நெற்றியில் அந்தப் பெயரை இன்றும் படிக்கலாம். 1940-ல் டில்லியில் தொடங்கிய அஹுஜா, பின்னால் எங்களைப் போன்ற சிற்றூர்க் கடைகளுக்கெல்லாம் பழகிய பெயர் ஆனது. 1938-ல் சென்னையிலும் அடுத்த வருடம் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்தன. அதன் பிறகு பஞ்சாயத்து ரேடியோ அறையின் மேல் ஒரு குழாய் நிற்பது கிராமத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மாமா குழாயை முதலில் அண்ணாந்து பார்த்தது அப்படி ஒரு அறையின் கூரையில்தான்.

ஐம்பதுகளின் நடுவில் அவர் ‘சவுண்ட் சர்வீஸ்’ என்று பலகை மாட்டினார். நான் 1974-ல், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு போய்ச் சேர்ந்தேன். அப்போது எங்களிடம் இருந்தது வால்வு செட். முன்பக்கத்தில் கண்ணாடிக் குடுக்கைகள் வரிசையாக நிற்கும். கடைசியில் நிற்கும் இரண்டும் பெரியவை. சிக்ஸ் எல் சிக்ஸ் அல்லது ஈஎல் 34. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. அரை நிமிடம் கழித்து உள்ளே செம்மை படர்ந்த பிறகுதான் உயிர் வரும். மழைக்காலத்தில் அந்தச் சூட்டில் கை காய்வோம்.

மாமா எனக்குச் சொன்ன முதல் விதி: “யூனிட்டை மாட்டாம செட்டை ஆன் பண்ணாதல.” காரணம் விளங்க எனக்கு ஒரு வருடம் ஆனது. வால்வுக்கும் யூனிட்டுக்கும் நடுவே ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. வால்வின் பக்கம் நானூறு வோல்ட் போல ஓடும், மின்னோட்டம் சொற்பம். யூனிட்டின் பக்கம் வோல்ட் குறைவு, ஓட்டம் அதிகம். இந்தப் பக்கம் சுமை இல்லாமல் பாட்டை விட்டால் அந்தப் பக்கம் வோல்ட் எகிறிவிடும். ஒரு தேர்த்திருவிழாவில் எங்கள் கையாள் ஒருவர், செட் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயை இடம் மாற்ற வயரைக் கழற்றினார். வால்வு சாக்கெட்டில் நீலமாக ஒரு பொறி ஓடியது. அத்தோடு டிரான்ஸ்ஃபார்மர் முடிந்தது. திருநெல்வேலியில் சுற்றி வாங்கப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் மூன்று கல்யாணங்களை விட்டோம்.

அதற்குப் பிறகு மாமா ஒரு காரியம் செய்தார். 1000 வாட் ஹீட்டர் சுருளை வாங்கி மூன்றில் ஒரு பங்கை வெட்டி, ஓட்டுத்துண்டு ஒன்றில் சுற்றி, இரண்டு முனையிலும் கிளிப் வைத்தார். மீட்டரில் அது பதினாறு பதினேழு ஓம்ஸ் காட்டும். ரிப்பேர் பார்க்கும்போதும் குழாயைக் கழற்றும்போதும் அதை முதலில் மாட்டிவிட வேண்டும். செட்டுக்கு அது குழாயா ஓட்டுத்துண்டா என்று தெரியாது. அந்த ஓடு இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

ஓம்ஸ் என்றால் என்ன என்று மாமா புத்தகத்தைத் திறந்து சொல்லித்தரவில்லை. அவர் மாடு கட்டிக் கமலையில் சாலால் கிணற்று நீர் இறைத்து வளர்ந்தவர். “செட்டுங்கறது மாடுல. யூனிட்டு சாலு. மாட்டுக்குத் தக்கன சாலு கட்டணும். இளங்கன்னுல பெரிய சாலைக் கட்டுனா பாதிக் கெணத்துலயே படுத்துரும்.” இதில் ஒன்றை மட்டும் தலைகீழாக நினைவில் வைக்க வேண்டும்: ஓம்ஸ் எண் குறையக் குறையச் சால் பெரிதாகிறது. 16 ஓம்ஸ் யூனிட் ஒன்று சின்னச் சால். அதே மாதிரி இரண்டைப் பக்கம் பக்கமாகக் கட்டினால் 8 ஓம்ஸ், நான்கைக் கட்டினால் 4. செட்டின் முதுகில் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும். குழாய்களின் கூட்டுக் கணக்கு எதில் வருகிறதோ அந்த முனையில் வயரை மாட்ட வேண்டும். அந்த முனையைவிடக் கணக்குக் குறைந்தால் குரல் கெடும். இதை நான் தப்புச் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

1979 சித்திரையில் பக்கத்து ஊர் அம்மன் கொடை. அந்த வருடம் புதிதாக ஒரு டிரான்சிஸ்டர் செட் வாங்கியிருந்தோம். மாமாவுக்குக் காய்ச்சல், நான்தான் போனேன். நான்கு குழாய் பேசியிருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர், “தம்பி, கீழத்தெருவுக்கும் கேக்கணும்ய்யா, இன்னும் நாலு போடுங்க” என்றார். கையில் யூனிட் இருந்தது. ஏற்கெனவே ஓடுகிற வயரிலேயே நான்கையும் ஒட்டிவிட்டேன். எட்டு யூனிட், 16 ஓம்ஸ் வீதம், எல்லாம் பக்கம் பக்கமாக: 2 ஓம்ஸ். முனையோ 4. பாட்டு போட்டவரைக்கும் வண்டி ஓடியது. இரவு வில்லுப்பாட்டு ஆரம்பித்து, புலவர் குரலை உயர்த்திய இடத்தில் எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் கிழிந்தன. உடைந்த மண்சட்டியைத் தரையில் இழுப்பது போன்ற கரகரப்பு. சத்தத்தைக் குறைத்தால் தெளிகிறது, கூட்டினால் கிழிகிறது. செட்டின் பின்பக்க அலுமினியத் தகட்டில் கை வைக்க முடியவில்லை. புலவர் வீசுகோலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. “தம்பி, நான் சொல்லுத கதை எனக்கே வெளங்கலையேப்பா” என்றார்.

அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது. செட்டை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மாமா ஒருமுறை தீப்பெட்டி மேல் வரைந்து காட்டியதை நினைவுபடுத்திக்கொண்டேன். இரண்டிரண்டு யூனிட்டை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் ஜோடிக்கு 32 ஓம்ஸ். அப்படி நான்கு ஜோடியைப் பக்கம் பக்கமாகக் கட்டினால் 8. வயரை 8-ஆம் முனைக்கு மாற்றினேன். முக்கால் மணி நேரம் கதை நின்றது. மக்கள் எழுந்து போகவில்லை. மறுபடி போட்டபோது சத்தம் முன்னைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கீழத்தெரு வரை போனது. ஜோடிக் கட்டில் ஒரு குறை உண்டு: ஒரு யூனிட் செத்தால் அதன் கூட்டாளியும் ஊமையாகிவிடும். அன்றைக்கு எதுவும் சாகவில்லை.

டிரான்சிஸ்டர் வந்தபோது எங்கள் தொழிலின் பயமே திசை மாறியது. டூ-என் 3055 என்ற, சின்ன பிஸ்கட் அளவு உலோக டிரான்சிஸ்டரைத்தான் அந்தக் காலத்துச் செட்டுகளில் அதிகம் பார்த்தோம். வால்வு செட்டுக்கு வயர் விட்டுப்போவது ஆபத்து. டிரான்சிஸ்டருக்கு வயர் ஒட்டிப்போவது ஆபத்து. குழாய் இல்லாமல் ஓடினால் அது பாட்டுக்கு ஓடும். மழையில் நனைந்த ஜாயின்டில் இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டால் கண் இமைப்பதற்குள் டிரான்சிஸ்டர் போய்விடும். இருபது வருடம் வால்வில் பழகிய கைகள், “யூனிட் மாட்டியிருக்கா” என்று மட்டும் பார்த்துவிட்டு ஆன் செய்தன. அந்த மாறுதல் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் எத்தனை செட்டுகள் அப்படிப் போயின என்பதை, ரிப்பேருக்கு வந்தவற்றை வைத்து நான் அறிவேன்.

அடுத்த எதிரி தூரம். கோயிலிலிருந்து ஆற்றங்கரை மண்டபம் வரை அரை கிலோமீட்டர். சாதாரண முக்கால் சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போகவும் வரவுமாக ஒரு கிலோமீட்டர் ஆகிறது. அதன் தடை மட்டும் 23 ஓம்ஸ். கடைசியில் நிற்பது 16 ஓம்ஸ் யூனிட். செட் அந்த வழியில் அனுப்புகிற சக்தியில் பாதிக்கு மேல் வயரைச் சூடாக்குவதற்கே போகிறது. “பாதிப் பாட்டை வயரே தின்னுருதுல” என்பார் மாமா. இதற்குத்தான் 100 வோல்ட் லைன். மின்வாரியம் ஊருக்குள் உயர் அழுத்தத்தில் மின்சாரம் கொண்டுவந்து டிரான்ஸ்ஃபார்மரில் இறக்குவது போல, பாட்டையும் உயர்ந்த வோல்ட்டில் அனுப்பி, ஒவ்வொரு குழாயடியிலும் ஒரு சின்ன லைன் டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கிக்கொள்வது. 15 வாட் முனையில் மாட்டிய டிரான்ஸ்ஃபார்மர் லைனுக்குக் காட்டும் தடை ஏறக்குறைய 667 ஓம்ஸ். அதன் முன் 23 ஓம்ஸ் ஒரு பொருட்டே இல்லை. ஓம்ஸ் கணக்கும் வேண்டாம்; வாட்டைக் கூட்டிக்கொண்டே போய், செட்டின் வாட்டைத் தாண்டாமல் நிறுத்தினால் போதும். இந்த முறை கைக்கு வந்த பிறகுதான் கிரிவலப் பாதை முழுக்க ஒரே செட்டில் பேச முடிந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 8 ஓம்ஸ் குழாயை அந்த லைனில் தெரியாமல் மாட்டிவிட்டால் அது 1250 வாட் கேட்கும். யூனிட்டோ செட்டோ, ஒன்று போய்விடும்.

தொண்ணூறுகளில் குழாய் இறங்கி பாக்ஸ் ஏறியது. கடைக்கு வருகிறவர்கள் “ஸ்பீக்கர் கரகரங்குது, மாத்திக் குடுங்க அண்ணாச்சி” என்பார்கள். நான் உடனே மாற்றிக் கொடுத்ததில்லை. முதலில் இடது ஸ்பீக்கரை வலது வயரிலும் வலதை இடது வயரிலும் மாட்டிப் பார்ப்பேன். கரகரப்பு ஸ்பீக்கரோடு கூடவே இடம் மாறினால் நோய் ஸ்பீக்கரில். அதே பக்கத்தில் நின்றுவிட்டால் வயரிலோ செட்டிலோ. பத்து பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் எத்தனை நல்ல ஸ்பீக்கரைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்! அடுத்தது, மெல்லிய சத்தத்திலேயே கெடுகிறதா, கூட்டினால்தான் கெடுகிறதா என்று கேட்பேன். மெல்லிய சத்தத்திலேயே என்றால், காயில் காந்த இடுக்கில் உரசுகிறது, அல்லது காகிதக் கூம்பு கிழிந்திருக்கிறது. கூம்பின் நடுவைச் சுற்றி மூன்று விரலை வைத்து நேராக அழுத்தி விட்டால், நல்ல ஸ்பீக்கர் மூச்சு விடுவது போல் ஓசையில்லாமல் போய் வரும். உரசினால் மணல்தாளின் சத்தம் விரல் வழியாகவே தெரியும். சில நேரம் இரும்புத்தூள்தான் காரணம். ஒட்டும் டேப்பை மடித்து இடுக்கில் விட்டு இழுத்தால் தூள் ஒட்டிக்கொண்டு வரும்.

மீட்டர் வைத்தால் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 6 சொச்சம்தான் காட்டும். அது பழுதல்ல, அப்படித்தான் காட்டும். இரண்டு பாக்ஸ் சேர்ந்து ஒலிக்கும்போது கீழ்ச்சத்தம் காணாமல் போனால் ஒவ்வொன்றின் முனையிலும் ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டு கூம்பும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் போனால் வயர் மாறியிருக்கிறது. ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன.

கூட்டினால்தான் கெடுகிறது என்றால் பெரும்பாலும் செட்டுக்குச் சக்தி போதவில்லை. இதை நம்ப வைப்பது எனக்கு இன்றும் சிரமமாக இருக்கிறது. சின்னச் செட் பெரிய ஸ்பீக்கரை எரிக்காது என்று நினைக்கிறார்கள். ஒரு சர்வீஸ் பட்டறையில் ஆசிலாஸ்கோப் திரையில் அதைக் கண்ணால் பார்த்தேன். மலைமுகடு போல் எழ வேண்டிய அலை, செட் தன் எல்லையைத் தொட்டதும் சீவிய இளநீர் மாதிரி தலை தட்டையாகிறது. அப்படித் தட்டையான அலை, அதே உயரமுள்ள நல்ல அலையைப்போல இரண்டு மடங்கு வரை சக்தியைக் காயிலுக்குள் தள்ளும். பங்குனிக்குப் பிறகு என் திண்ணைக்கு வந்த காப்பிக்கொட்டை நிறக் காயில்களில் பெரும்பகுதி, முறுக்கிவிட்ட சின்னச் செட்டுகளால் எரிந்தவை.

இப்போது புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. செல்போனை மைக் முனையில் மாட்டுகிறார்கள். மைக் தருவது சில மில்லிவோல்ட். செல்போன் தருவது அதைப்போல நூறு மடங்கு. வாசலிலேயே கெட்டுவிட்ட குரலை, உள்ளே எவ்வளவு குறைத்தும் நேராக்க முடியாது.

குழாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் உருப்படியாக வராது. தவிலின் வலந்தலை வரும், தொப்பியின் கும்காரம் வராது. அதைக் குறை என்று சொல்லலாம். ஆனால் மனிதப் பேச்சின் தெளிவு இருப்பது அதற்கு மேலேதான். நாகஸ்வரம் அதில் கம்பீரமாக நிற்கும். கூம்பு வடிவ ஒலிபெருக்கி, அதாவது இந்தக் குழாய், கூடாது என்று இன்று காவல் நிலைய அனுமதிக் கடிதத்திலேயே எழுதித் தருகிறார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதியையும், அதை வலியுறுத்திய 2005 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் நான் முழுமனதோடு ஏற்கிறேன். படிக்கிற பிள்ளையும் படுத்திருக்கும் நோயாளியும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஊரைத் துன்புறுத்தியதில் பெரும்பங்கு, கணக்குப் பார்க்காமல் கட்டி, எல்லை தாண்டி முறுக்கிய கிழிந்த சத்தத்துக்கு உண்டு. குழாய் போய் பாக்ஸ் வந்த பிறகும் முறுக்குகிற கை போகவில்லை. நெஞ்சுக்கூட்டை உலுக்குகிற அடியும், ஒரு சொல்கூடப் புரியாத பாட்டுமாக ஊர்வலம் போகும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சத்தம் கொடுப்பதற்கு மாமா பலகை மாட்டவில்லை. கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேர வேண்டும் என்று மாட்டினார்.

எந்த ஊரில் செட் கட்டினாலும் அவருக்கு ஒரு பழக்கம். எல்லாம் கட்டி முடித்து, என்னை மைக் முன்னால் நிறுத்திவிட்டு, கூட்டத்தின் கோடிக்கு நடப்பார். பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்காரும் இடம் அது. “ஹலோ, ஒன், டூ, த்ரீ” சொல்லக்கூடாது. அது கிழிந்த குழாயிலும் புரிந்துவிடும் என்பார். நான் ஏதாவது ஊர்ப் பெயர்களைச் சொல்ல வேண்டும், அவர் எதிர்பாராத வரிசையில். ஒவ்வொன்றும் புரிந்தால் தோள் துண்டை எடுத்து உயர்த்துவார். புரியாவிட்டால் துண்டு தோளிலேயே கிடக்கும். நான் செட்டின் முதுகுப் பக்கம் குனிந்து முனையைப் பார்க்க ஆரம்பிப்பேன்.

போன சித்திரையில் அதே அம்மன் கொடைக்கு என் பேரன் செட் கட்டினான். புது டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர், நான்கு பாக்ஸ். “எத்தனை ஓம்ஸ்ல வருது?” என்று கேட்டேன். “ரெண்டு ரெண்டா 4 ஓம்ஸ் தாத்தா, ஆம்ப் 4 வரைக்கும் தாங்கும்” என்றான். அவனைக் கூட்டத்தின் கோடிக்கு அனுப்பிவிட்டு மைக்கைப் பிடித்தேன். புளியறை, பண்பொழி, இலத்தூர், வடகரை. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் இருட்டில் செல்போன் வெளிச்சம் ஒன்று தலைக்கு மேலே உயர்ந்தது.